இரண்டாம் பாலும் தடிப்பாக வருமா?

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். 100 மில்லிலீற்றர் நீரில் ஒரு சேதனப் பொருள் 4 கிராம் கரைந்திருக்கிறது. ஈதருக்கும் நீருக்கும் இடையில் அதன் பங்கீட்டுக் குணகம் 3. ஒவ்வொரு தரமும் 50 மில்லிலீற்றர் ஈதர் விட்டு இரண்டு தரம் பிரித்தெடுத்தால் மொத்தம் எவ்வளவு வரும்? முதல் தரத்துக்கு 2.4 கிராம் வந்தது. குணகம் மாறாது என்பதால் அதை இரண்டால் பெருக்கினேன், 4.8 வருகிறது. போட்டதை விடக் கூட வருமா?
ஒரு மாணவி, சாவகச்சேரி

பதில்: வராது பிள்ளை. 2.4 சரி, பெருக்கின இடத்தில்தான் பிழை. ஆனால் விடை வந்த பிறகு போட்டது எவ்வளவு என்று திரும்பிப் பார்த்தீர்களே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மாறாமல் இருப்பது விகிதம் மட்டும்தான், அதுவும் வெப்பநிலை மாறாத வரைக்கும். ஈதரிலுள்ள செறிவை நீரிலுள்ள செறிவால் பிரித்தால் 3. எத்தனை கிராம் வரும் என்பது நீரில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. வீட்டில் தேங்காய்ப்பூ பிழிகிறபோது முதற்பால் தடிப்பாக வரும், அதே பூவுக்குத் திரும்பத் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் கப்பிப்பால்தான் வரும், ஏனென்றால் பூவில் மிச்சம் கொஞ்சம்தான். அங்கே நடப்பது பங்கீடு அல்ல, ஆனாலும் அடுத்த தரம் வருவது மிச்சத்திலிருந்துதான் என்பது இரண்டுக்கும் பொது.

சரி, கணக்குக்கு வருவோம். முதல் தரம் குலுக்கி ஈதர்ப் படையை எடுத்த பின் நீரில் மிச்சம் 1.6 கிராம். இரண்டாம் தரம் தொடங்குவது இந்த 1.6 இலிருந்து. குணகம் 3 என்பதால் 50 மில்லிலீற்றர் ஈதர் 150 மில்லிலீற்றர் நீருக்குச் சமமாகப் பொருளை ஏந்தும், ஆகவே நீரில் மிஞ்சும் பின்னம் ஒவ்வொரு தரமும் 100 / (100 + 3 × 50), அதாவது 0.4. ஆகவே 1.6 × 0.4 = 0.64 கிராம் நீரில் நிற்கும், 0.96 ஈதருக்குப் போகும். மொத்தம் 3.36 கிராம். சந்தேகம் என்றால் 0.96 ஐ 50 ஆலும் 0.64 ஐ 100 ஆலும் பிரித்து, முதல் விடையை இரண்டாவதால் பிரித்துப் பாருங்கள், அதே 3 வரும்.

அதே 100 மில்லிலீற்றர் ஈதரை ஒரேயடியாக விட்டிருந்தால் 3 கிராம்தான் வந்திருக்கும். 25 மில்லிலீற்றராக நாலு தரம் விட்டால் ஏறக்குறைய 3.57. ஆனால் எத்தனை துண்டாகப் பிரித்தாலும், அந்த 100 மில்லிலீற்றருக்குள் ஏறக்குறைய 3.8 கிராமுக்கு மேல் போக முடியாது.

குணகம் எந்தப் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீர் மேலே, ஈதர் கீழே என்றால் இதே பொருளுக்கு அது மூன்றிலொன்று. இதில்தான் பிள்ளைகள் அநியாயமாகப் புள்ளியை விடுகிறார்கள். ஆய்வுகூடத்தில் பிரிபுனலைக் குலுக்கும்போது தலைகீழாகப் பிடித்து, தண்டை ஆட்களில்லாத பக்கம் திருப்பி, இடைக்கிடை குழாய்வாயைத் திறந்து ஆவியை வெளியேற விடுங்கள், ஈதர் உள்ளே அமுக்கத்தைக் கூட்டிவிடும். ஈதர் மேலே நிற்கும், குளோரோபோம் என்றால் கீழே.

கேள்வி: பென்சோயிக் அமிலத்தை நீருக்கும் பென்சீனுக்கும் பங்கிட்டால் குணகம் செறிவோடு மாறுகிறதே, ஏன்?
ஒரு வாசகர், நல்லூர்

பதில்: இரு படைகளிலுமுள்ள செறிவுகளின் விகிதம் மாறாது என்று ஜேர்மன் இரசாயனவியலாளர் நேர்ன்ஸ்ட் 1891 இல் சொன்ன விதி, இரண்டு படையிலும் மூலக்கூறு ஒரே வடிவில் இருந்தால்தான் அப்படியே பொருந்தும். பென்சீனில் இந்த அமிலம் ஐதரசன் பிணைப்பால் பெரும்பாலும் சோடி சோடியாக நிற்கிறது, நீரில் தனித்தனியாக. அதனால் நீர்ச் செறிவின் வர்க்கத்தைப் பென்சீன் செறிவால் பிரித்துப் பாருங்கள், அது ஏறக்குறைய மாறாமல் நிற்கும்.