கண்காட்சிக்கு எந்தக் குட்டியை எடுப்பது?

கேள்வி: இன்னும் நான்கு மாதத்தில் ஒரு கால்நடைக் கண்காட்சி வருகிறது. என்னிடம் இரண்டு மாதம் ஆன வெண்பன்றிக் குட்டிகள் இருக்கின்றன. காயடித்த ஆண்குட்டிகளில் பெரியது 22 கிலோ. ஆனால் பின்னங்காலை விறைப்பாக வைத்து நடக்கிறது. இன்னொன்று 18 கிலோ, நன்றாக நடக்கிறது. எதை எடுக்கலாம்? இனவிருத்திப் பிரிவுக்கு ஒரு பெண்குட்டியும் கொண்டுபோக ஆசை. எப்படித் தயார் செய்வது?

பதில்: 18 கிலோ குட்டியையே எடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள 4 கிலோ, நல்ல தீவனத்தில் ஐந்தாறு நாள் வளர்ச்சிதான். கால் விறைப்பு அப்படிச் சரியாகாது. உடம்பு ஏற ஏற அதுவும் கூடும். இப்போது லேசாகத் தெரிகிற குறை, 100 கிலோவில் நொண்டலாகவே மாறிவிடலாம்.

குட்டி சும்மா நிற்கும்போது பார்த்து முடிவெடுக்காதீர்கள். கெட்டியான சமதளத்தில் நடக்கவிட்டு, பக்கத்திலிருந்தும் முன்னும் பின்னும் நின்று பாருங்கள். முன்னங்கால் பதிந்த இடத்துக்குக் கிட்டத்தில் பின்னங்கால் வந்து விழ வேண்டும். குளம்புக்கு மேலே உள்ள கணு சற்றே சாய்ந்து, மிதிக்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். அது செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் மூட்டில் இறங்கும். குளம்பின் இரண்டு விரல்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். முன்னங்கால்களுக்கு நடுவே நல்ல அகலம் இருந்தால் நெஞ்சும் விசாலமாக இருக்கும். அகலமாகத் தெரிவதெல்லாம் தசை என்று நினைத்துவிடாதீர்கள். தாடைக்குக் கீழேயும் முன்னங்கால் இடுக்கிலும் தொங்குவது கொழுப்பு. தசையைப் பின்தொடையின் நடுப்பகுதியில் பார்க்க வேண்டும்.

பெண்குட்டியிடம் முதலில் காம்புகளை எண்ணுங்கள். 14 இருந்தால் நல்லது, 12-க்குக் குறைந்தால் வேண்டாம். இரு பக்கமும் சீரான இடைவெளியில், எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். உள்வாங்கிய காம்பில் குட்டி பால் குடிக்க முடியாது. பிறப்புறுப்பு மிகச் சிறியதாகவோ மேல்நோக்கித் தூக்கியோ இருந்தாலும் விட்டுவிடுங்கள். குடல் இறக்கம் உள்ள குட்டி எந்தப் பிரிவுக்கும் ஆகாது. இனத்தின் அடையாளத்தையும் மறக்காதீர்கள்: லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயருக்குக் காது நிமிர்ந்து நிற்கும், லேண்ட்ரேஸுக்கு முன்னோக்கிக் கவிழ்ந்திருக்கும். இனப் பிரிவில் நடுவர் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்.

எடையைக் கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நாளுக்குச் சராசரி 750 கிராம் ஏறினால் 120 நாளில் 90 கிலோ. உங்கள் குட்டி 108 கிலோவில் போய் நிற்கும். உங்கள் பிரிவின் எடை வரம்பை இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போடுங்கள். தராசு இல்லையென்றால், முன்னங்காலை ஒட்டிய மார்புச் சுற்றளவையும், இரு காதுக்கு நடுவிலிருந்து வால் அடி வரையுள்ள நீளத்தையும் மீட்டரில் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் × 69.3 என்று பெருக்கினால் கிலோ ஓரளவு கிடைக்கும். தீவனத்தில் இப்போது புரதம் 18 சதவீதம் வரை இருக்கட்டும். 60 கிலோ தாண்டியதும் 15, 16 போதும். கடைசி நேரத்தில் எடை குறைக்கப் பட்டினி போடுவதும் தண்ணீரை நிறுத்துவதும் கொடுமை, பன்றியின் உடம்பும் கெடும். தயவுசெய்து அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நடைப் பயிற்சிதான் பலர் கோட்டைவிடும் இடம். கண்காட்சிக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். வெயில் ஏறும் முன்பு அல்லது சாய்ந்த பிறகு 15 நிமிடம் போதும். பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிராது என்பதால் மூச்சு வாங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மெல்லிய குச்சியால் கன்னத்துப் பக்கம் தொட்டால் திரும்பவும், விலாப் பக்கம் தொட்டால் முன்னே போகவும் பழக்குங்கள். முதுகிலும் தொடையிலும் அடிக்கவே கூடாது. தழும்பு நடுவர் கண்ணில் படும், பன்றிக்கும் உங்கள்மேல் நம்பிக்கை போய்விடும். களத்தில் பன்றி உங்களுக்கும் நடுவருக்கும் நடுவே இருக்கட்டும். தலை நிமிர்ந்து நிதானமாக நடந்தால் போதும், ஓடக் கூடாது.

குளம்பு சீவ வேண்டியிருந்தால் மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். மென்மையான சோப்பில் குளிப்பாட்டும்போது காதுக்குள் தண்ணீர் போகாமல் பாருங்கள். எண்ணெய், பவுடர் பூசப் பல கண்காட்சிகளில் தடை உண்டு, விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மருந்து விஷயம். பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே முடியுங்கள். காயடித்த பன்றி பெரும்பாலும் கண்காட்சி முடிந்ததும் இறைச்சிக்குத்தான் போகும். அதனால் மருந்து உடம்பிலிருந்து நீங்குவதற்கு விட வேண்டிய நாள்களைக் கணக்கில் வைத்தே ஊசி போட வேண்டும்.

பெண்பன்றி வீட்டுக்குத் திரும்பியதும் நேரே மற்றவற்றோடு விடாதீர்கள். பல பண்ணைப் பன்றிகள் கூடும் இடத்திலிருந்து வருகிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தால் கொட்டிலே காலியாகிவிடும். 30 நாள் தனியே வைத்து, காய்ச்சல், தீவனம் எடுக்காமை, தோல் சிவப்பு தெரிகிறதா என்று பாருங்கள். போட்டுப்போன செருப்பையும் வண்டியையும் கழுவிக் கிருமிநாசினி தெளியுங்கள். தினமும் மற்ற பன்றிகளின் வேலையை முடித்த பிறகே அதன் கொட்டிலுக்குப் போங்கள்.