முடிச்சு மாறிய பொட்டலம்

அன்புள்ள அண்ணாவுக்கு,
அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். சிங்களம் நன்றாகப் பேசுவார். அம்மாவின் தம்பி புலிகள் இயக்கத்தில், சம்பூர்ப் பக்கம். அப்பா நேவிக்கு ஆள் சொல்லுகிறார் என்று ஊரில் கதை. அம்மாவும் அதைப் பாதி நம்பினார் என்று நினைக்கிறேன். ஆனாலும் கடைசிவரை அவருக்குச் சோறு போட்டார். போன வருடம் அப்பா காலமானார். அவர் உளவாளியா இல்லையா என்று இனி எப்படித் தெரிந்துகொள்வது? காதல் போரையும் வெல்லும் என்பது உண்மைதானா? இதை நாவலாக எழுத ஆசை.
உட்துறைமுக வீதியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

நாவலை எழுதுங்கள், அதற்கு என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? காதல் போரை வெல்லும் என்ற வசனத்தை மட்டும் இப்போதே வெட்டிவிடுங்கள். சினிமா போஸ்டருக்கு ஆகும். உங்கள் அம்மா சோறு போட்டதைக் கொண்டுபோய் அதில் சேர்த்தது எனக்குக் கோபம்தான். சிங்களம் பேசியதெல்லாம் ஒரு சாட்சியா? திருகோணமலையில் மரக்கறி வாங்கவே சிங்களம் வேண்டும். விடுங்கள்.

போன கிழமைதான் சின்னம்மா தன் பழைய கதையைத் திரும்பச் சொன்னார். உங்கள் கடிதம் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

1998. சம்பூரில் அப்பு. பி.பி.சி. தமிழோசை கேட்காமல் படுக்கமாட்டார். அந்தப் பக்கம் இயக்கத்தின் கையில், பற்றரி கொண்டுபோக அரசாங்கத் தடை. செத்த பற்றரிகளைக் கிணற்றுக்கட்டில் வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்து, அரைமணி நேரம் ஓட்டுவார். சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு, அடுத்தமுறை பிட்டுப் பொட்டலத்துக்குள் இரண்டு புதுப் பற்றரி வைத்து வாழைநாரால் கட்டினார். மூதூர் லாஞ்சில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார், முடிச்சு மாறியிருந்தது. சின்னம்மா போடுவது சுருக்கு. இது கடைக்காரர் போடும் இரட்டை முடிச்சு. காலையில் வீட்டில் இருந்தது சித்தப்பா மட்டும். சித்தப்பாவோ இறங்குதுறையில் நேவிக்காரரோடு சிரித்துப் பேசுகிற ஆள்.

கட்டைபறிச்சான் சென்றிச் சாவடியில் ஆமிக்காரன் பொட்டலத்தை அவிழ்த்துக் கம்பியால் குத்தினான். பிட்டுத்தான் இருந்தது. பற்றரி இல்லை.

எடுத்தது காப்பாற்றவா, காட்டிக்கொடுக்க வைத்திருக்கவா? சின்னம்மா கேட்கவில்லை. சித்தப்பா சொல்லவில்லை. பதின்மூன்று வருடம் ஒரே கட்டில்.

இனி என் பழைய பாட்டைப் பாடுகிறேன். நண்பர்கள் கேட்டுச் சலித்தது, நீங்களும் கேளுங்கள். அந்த வீடுகளுக்குள் உளவாளியை உண்டாக்கியது சட்டம். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசியதை வெளியில் சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கு அந்தளவு நாகரிகம் இருந்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவோ, தெரிந்தும் பொலிசுக்குச் சொல்லாதவருக்கு 7 வருடம் வரை சிறை என்றது. மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்தார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள். தம்பி இரவில் வந்து சோறு தின்றுவிட்டுப் போனதை அக்கா சொல்லாவிட்டால் குற்றவாளி. சொன்னார் என்று சந்தேகம் வந்தாலே மறுபக்கத்தில் இயக்கத்தின் மின்கம்பம், அதில் கட்டிச் சுடுவார்கள். கேட்பதுகூட ஆபத்து, கேட்டால் தெரிந்த ஆளாகிவிடுவீர்கள். ஒன்றும் தெரியாமல் வைத்திருப்பதுதான் புருஷன் பெண்சாதிக்குக் கொடுக்கக்கூடிய காவலாக இருந்தது. ஆனால் காவலுக்காக வாய் திறக்காத புருஷனும் உளவு சொல்லிவிட்டு வாய் திறக்காத புருஷனும் வீட்டுக்குள் ஒரே மாதிரித்தானே தெரிவார்கள்! உங்கள் அம்மா பாதி நம்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள். முழுதாக நம்பவோ மறுக்கவோ யார் விட்டார்கள்? அம்மாவிடம் போய் விசாரணை வைக்காதீர்கள், சொல்லிவிட்டேன்.

சித்தப்பா 2011இல் போனார். அந்தியேட்டி முடிந்து அலுமாரி லாச்சியை ஒதுக்கும்போது பேப்பரில் சுற்றி இரண்டு பற்றரி. பச்சையாகக் கசிந்து பேப்பரோடு ஒட்டிக்கிடந்தன. சின்னம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்புறம் செத்த மனுசனை ஏசத் தொடங்கினார்: "எடுத்தது சரி. முடிச்சையாவது நான் போடுற மாதிரிப் போட்டிருக்கக்கூடாதா?"

அன்புடன்,
அண்ணா