இன்ஹேலர் அடித்தும் மூச்சு சீராகவில்லையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. பல வருடமாக வீசிங். டாக்டர் சால்புட்டமால் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பஃப் அடித்தாலும் தொண்டை கசக்கிறதே தவிர, மூச்சு சீராவதில்லை. மருந்து நுரையீரலுக்குப் போகிறதா இல்லையா? பேசாமல் மாத்திரைக்கு மாறிவிடலாமா?

பதில்: அந்தக் கசப்பே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது. கசக்கிற இடத்தில் மருந்து விழுந்திருக்கிறது. கொஞ்சம் விழுவது எல்லோருக்கும் நடப்பதுதான். மூச்சும் சீராகவில்லை என்றால், பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறதோ என்று பார்க்க வேண்டும். மாத்திரைக்கு அவசரப்படாதீர்கள், முதலில் அடிக்கும் முறையைச் சரிசெய்யலாம்.

வாய் வழியே போகும் காற்று நாக்குக்குப் பின்னால் கிட்டத்தட்ட செங்குத்தாகக் கீழே திரும்புகிறது. பிறகு குரல் நாண்களுக்கு நடுவே உள்ள இடுக்கு. அதைத் தாண்டினால் 10 முதல் 12 செ.மீ. நீளமுள்ள மூச்சுக்குழாய். அது நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி மறுபடி பிரிந்து, சுமார் 23 பிரிவுகளுக்குப் பிறகு காற்று நுண்ணறைகளில் போய் முடிகிறது. பெரிய குழாய்களைக் குருத்தெலும்பு தாங்கிப் பிடிக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகலான கிளைகளில் அந்தத் தாங்கல் கிடையாது. வீசிங் வரும்போது குழாய்களைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவர் வீங்கி, சளியும் சேர்ந்து அடைக்கிறது. மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

சிக்கல் அந்த முதல் வளைவில் இருக்கிறது. மருந்துத் துளி 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருந்தால் காற்றோடு திரும்பிக் கீழே போகும். அதைவிடப் பெரிய துளி, வளைவில் வேகத்தைக் குறைக்காத பைக் மாதிரி நேரே போய்த் தொண்டைச் சுவரில் மோதும். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் அதிகமாக மோதும். பலரும் செய்யும் தவறு இதுதான்: பலமாக இழுத்தால் ஆழமாகப் போகும் என்று நினைக்கிறார்கள். ஸ்பிரே இன்ஹேலரில் நடப்பது நேர் எதிர்.

அம்மாவை நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, இன்ஹேலரின் வாய்ப்பகுதியை உதட்டால் இறுக மூடிக்கொள்ளட்டும். தாடை லேசாக உயர்ந்திருந்தால் அந்த வளைவு கொஞ்சம் நேராகும். மெதுவாக இழுக்க ஆரம்பித்த அதே நொடியில் அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் 4, 5 நொடி இழுத்துக்கொண்டே இருந்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கட்டும். இந்த அடக்கலை விட்டுவிடக் கூடாது. நுண்ணிய கிளைகளில் காற்றின் ஓட்டம் மிகவும் மந்தமாகிவிடும், துளி சுவரில் படிய நேரம் தேவை. அடுத்த பஃபுக்கு அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

கேப்சூல் போட்டு உறிஞ்சும் பவுடர் வகைக்கு இது பொருந்தாது. அங்கே இழுக்கும் வேகம்தான் பவுடரைப் பிரித்துவிடுகிறது, அதனால் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வரவில்லை என்றால் ஸ்பேசர், அதாவது இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் கூடு, வாங்கிவிடுங்கள். இந்த வயதில் அதுதான் நல்லது என்பேன். பெரிய துளிகள் அந்தப் பிளாஸ்டிக் கூட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், சின்னத் துளிகள் மட்டும் உள்ளே போகும். ஒரே இழுப்பில் முடியாவிட்டால் சாதாரணமாக நாலைந்து மூச்சு விட்டு வாங்கினாலும் போதும். கழுவிய பிறகு துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து அதிகமாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி, தானாகக் காயவிடுங்கள்.

சரி, மாத்திரை? ஒரு பஃபில் 100 மைக்ரோகிராம் சால்புட்டமால் இருக்கிறது, இரண்டு பஃபுக்கு 200. ஒரு 4 மி.கி. மாத்திரை என்றால் 4,000 மைக்ரோகிராம், அதாவது இருபது மடங்கு. அதுவும் வயிறு, இரத்தம் என்று சுற்றித்தான் நெஞ்சுக்கு வரும். வழியில் கை நடுங்கும், படபடப்பு வரும். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயந்துதான் பலர் மாத்திரை கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை.

அப்புறம், சால்புட்டமால் இறுகிய தசையைத்தான் தளர்த்தும், வீக்கத்தைக் குறைக்காது. அதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் தனியாக உண்டு. அம்மாவுக்கு அது எழுதப்பட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். எழுதியிருந்தால், ஒவ்வொரு முறையும் அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் வாயில் வெள்ளை படரலாம், குரலும் கம்மும். போகும்போது இன்ஹேலரையும் எடுத்துப் போய், டாக்டர் முன்னாலேயே ஒரு தடவை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் அம்மா திணறினாலோ, உதடு நீலமானாலோ முறையைத் திருத்திக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஸ்பேசரில் ஒவ்வொரு பஃபாகக் கொடுத்துக்கொண்டிருங்கள்.