சாடியில் ஜப்பான் மேப்பிள்: குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தச் செப்டம்பரில் கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து, ஒரு வீட்டின் நிலவறையில் வாடகைக்கு இருக்கிறீர்கள். பருவமுடிவுத் தள்ளுபடியில் சிவப்பு இலை ஜப்பான் மேப்பிள் ஒன்றைக் கறுப்புப் பிளாஸ்டிக் சாடியோடு வாங்கியிருக்கிறீர்கள். இப்போது இலை உதிரத் தொடங்கிவிட்டது. உடனே பெரிய சாடிக்கு மாற்றி, அறைக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது சாடி மாற்றவும் வேண்டாம், அறைக்குள் கொண்டுபோகவும் வேண்டாம்.

இங்குள்ள எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரு கறிவேப்பிலைச் செடியையாவது குளிர்காலம் முழுவதும் யன்னலோரத்தில் வைத்துக் காப்பாற்றுவார்கள். அந்தப் பழக்கத்தில் மேப்பிளையும் உள்ளே தூக்கிப்போய்விடுகிறார்கள். கறிவேப்பிலைக்குக் குளிர் ஆகாது. மேப்பிளுக்கோ குளிர் இல்லாவிட்டால் உறக்கமே இல்லை. இலையை உதிர்த்துவிட்டுப் பல வாரங்கள் குளிரில் உறங்கி எழுந்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்கும். 20 பாகை வெப்பமுள்ள அறையில் வைத்தால் ஒன்றில் துளிர்க்காமலே கிடக்கும், அல்லது வெளிச்சம் போதாத ஜனவரியில் வெளிறிய இலை விட்டுச் சோர்ந்துவிடும்.

அப்படியானால் வெளியிலேயே விட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. மரத்தின் மேற்பகுதியும் வேரும் ஒரே அளவு குளிரைத் தாங்குவதில்லை. நன்றாக உறங்கிய கிளைகள் மைனஸ் 20 பாகைக் குளிரையும் தாங்கும். வேர்கள் மைனஸ் 10 அளவிலேயே சாகத் தொடங்கும். இளம் வேர்கள் அதற்கும் முன்னரே போய்விடும். நிலத்தில் நிற்கும் மரத்துக்கு இது பிரச்சினை இல்லை. வெளியே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் மண்ணுக்குள் அவ்வளவு குளிர் இறங்காது, மேலே கிடக்கும் பனியும் ஒரு போர்வை. சாடிக்கு நான்கு பக்கமும் காற்றுத்தான். ரொறன்ரோவில் ஜனவரி இரவொன்று மைனஸ் 20க்குப் போனால் சாடி மண்ணும் வெகுவாக அதைத் தொடர்ந்து போகும். வசந்தத்தில் கிளை பச்சையாகவே இருக்க மரம் துளிர்க்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே உங்களுக்குத் தேவை குளிரான, ஆனால் கடுங்குளிர் இறங்காத ஓர் இடம். மைனஸ் 5க்கும் பிளஸ் 5க்கும் இடையில் நின்றால் மிக நல்லது. வீட்டோடு ஒட்டிய, ஹீட்டர் இல்லாத கராஜ் அதற்கென்றே கட்டியது மாதிரி. வீட்டுக்காரரிடம் ஒரு மூலை கேட்டுப் பாருங்கள். கார் நிற்கும் இடத்தில் ஒரு சாடிக்கு இடம் தருவதற்கு யாரும் பெரிதாக மறுக்கமாட்டார்கள். வெளிச்சம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், இலையில்லாத மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. அவசரப்பட்டு இன்றே உள்ளே வைக்கவும் வேண்டாம். இலை முழுவதும் கொட்டி, சில இரவுகள் உறைபனியும் பட்டபின், நவம்பர் கடைசி அளவில் வையுங்கள். சீமெந்துத் தரையில் நேராக வைக்காமல், தொலைக்காட்சி வந்த பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை ரெஜிபோம் துண்டொன்றைக் கீழே போடுங்கள். கறுப்புச் சாடியை அதைவிடப் பெரிய சாடி ஒன்றுக்குள் இறக்கி, இடைவெளியைக் காய்ந்த இலைகளால் நிரப்பினால் இன்னும் பாதுகாப்பு.

தண்ணீரை மறந்துவிடுவார்கள். உறங்கும் மரத்தின் வேரும் காய்ந்தால் செத்துவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் கொஞ்சம் ஊற்றுங்கள். வெளியிலிருந்து இரண்டு கைப்பிடி பனியை அள்ளி மண்மேல் போட்டாலும் போதும், மெல்ல உருகி இறங்கும். கார் ஓடும் பாதைக்கு உப்புத் தூவிய ஓரத்துப் பனியை மட்டும் எடுக்காதீர்கள்.

கராஜ் கிடைக்காவிட்டால் பின்வளவில், நிலம் இறுகுமுன் குழி வெட்டிச் சாடியை விளிம்பு வரை புதைத்துவிடுங்கள். வீட்டின் வடக்கு அல்லது கிழக்குப் பக்கம் நல்லது. அங்கே மண் மார்ச் வெயிலில் உருகி இரவில் உறைந்து அலைக்கழியாது. மேலே அரையடி உயரத்துக்கு இலைக்குப்பை. இலையுதிர்காலத்தில் அயலவர்கள் கடதாசிப் பைகளில் கட்டித் தெருவோரம் வைப்பதும் அதுதான், கேட்டு எடுங்கள். அடித்தண்டைச் சுற்றிக் கம்பிவலை போடாவிட்டால் எலியும் முயலும் பனிக்காலத்தில் பட்டையைக் கொறித்துவிடும். பல்கனி மட்டும் உள்ளவர்களுக்கு, உண்மையைச் சொன்னால், இந்த மரத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இனிச் சாடி மாற்றுவது. அதற்குச் சரியான நேரம் ஏப்ரல்: மொட்டு பருத்திருக்க வேண்டும், இலை விரிந்திருக்கக் கூடாது. இப்போது வேரை வெட்டினால் அந்தக் காயம் ஆறுமுன் குளிர் வந்துவிடும். மாற்றும்போது மரத்தை வெளியே எடுத்து, சாடிக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களை ஒரு குச்சியால் பிரித்து, தடித்துச் சுற்றியவற்றைக் கூரான கத்தரியால் வெட்டுங்கள். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். புதிய சாடி பழையதைவிட 5 சென்றிமீற்றர் அகலம் கூடினால் போதும். அளவுக்கு மீறிப் பெரிய சாடியில் வேர் போகாத மண் ஈரமாகவே கிடந்து வேரை அழுகவைக்கும். அடியில் கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று ஊரிலும் சொல்வார்கள், இங்கும் சொல்வார்கள். அது தவறு. தண்ணீர் கல்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே தேங்கும், வேருக்கான இடமும் குறையும். கல்லுக்குப் பதிலாக மண்ணையே இளகலாக்குங்கள்: கடையில் பையில் விற்கும் சாடிமண்ணோடு பைன் பட்டைத் துண்டுகளும், பேர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகள்களும். தோட்டத்துக் களிமண் வேண்டாம். அடித்தண்டு விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். சுட்டமண் சாடி அழகுதான், ஆனால் ஈரத்தை உறிஞ்சி உறைந்து வெடிக்கும். தடித்த பிளாஸ்டிக் அல்லது மரச்சாடி வாங்குங்கள். பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

ஏப்ரலில் ஒரு நாள் வெயில் அடித்ததும் வெளியே வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். உறங்கும் மொட்டு தாங்கிய குளிரைப் புதிய இலை தாங்காது. மே மாத விக்ரோறியா தின விடுமுறை வரை, உறைபனி எச்சரிக்கை உள்ள இரவுகளில் உள்ளே எடுங்கள். கோடையில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் தேடுங்கள், இல்லாவிட்டால் இலை ஓரம் கருகும். சிவப்பு மேப்பிளை வேறொரு மேப்பிளின் அடித்தண்டில் ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே பச்சை இலையோடு தளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள், அது உங்கள் சிவப்பு மேப்பிள் இல்லை.

மே முடிந்தும் துளிர்க்காவிட்டால் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் ஜூன் கடைசி வரை பொறுத்திருங்கள். நுனி மட்டும் பழுப்பென்றால் பச்சை வரும் இடம் வரை வெட்டிவிடலாம். அடித்தண்டும் பழுப்பென்றால் பற்றுச்சீட்டைத் தேடுங்கள்: பல கடைகள் மரங்களுக்கு ஓராண்டு உத்தரவாதம் தருகின்றன, தள்ளுபடி விலைக்கு அது செல்லுமா என்பது பெரும்பாலும் சீட்டிலேயே இருக்கும்.