மாலத்தீவுக்குப் பெட்டி கட்டும் முன்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுக் கடற்கரை விடுமுறைகளைப் பற்றிக் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாலத்தீவையே சுற்றி வந்தமையால், இம்முறை பதில்களையும் அந்த ஒரு நாட்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எங்கள் 25-ஆவது திருமண நாளுக்கு மாலத்தீவு ரிசார்ட் ஒன்றில் நான்கு இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். இணையத்தில் ஓர் இரவுக்கு 300 டாலர் என்று பார்த்த அதே விடுதிக்குப் பயண முகவர் ஏறத்தாழ இருமடங்கு கணக்குச் சொல்கிறார். அவர் எங்களை ஏமாற்றுகிறாரா?
– வாசகி, ஈரோடு

முகவர் மீது சந்தேகம் கொள்வதற்கு முன், நீங்கள் பார்த்த 300 என்ற எண்ணுக்கு அருகில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தனவா என்று மீண்டும் ஒருமுறை பாருங்கள். வரியும் சேவைக் கட்டணமும் தனி என்பதற்கு விடுதித் தொழிலில் வழங்கும் அடையாளம் அது. 300 டாலரோடு பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்தால் 330 ஆகும். 2025 ஜூலை முதல் 17 விழுக்காடாக உயர்ந்துவிட்ட சுற்றுலா விற்பனை வரி அந்த 330-இன் மேல் ஏறும்போது 386 டாலரைத் தாண்டும். அதற்கும் மேலாக, ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரி உண்டு என்பதால், இருவருக்கும் சேர்த்து ஓர் இரவின் கணக்கு 410 டாலரில் வந்து நிற்கும். ஆக, நான்கு இரவுகளுக்கு 1,200 என்று நீங்கள் மனத்தில் வைத்திருந்த தொகை, தீவில் கால் வைப்பதற்கு முன்பே 1,640 ஆகிவிடுகிறது.

இனி, அந்தத் தீவுக்குப் போய்ச் சேர வேண்டும். 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்ட காலத்திலிருந்து, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே அங்கே வழக்கமாக வேரூன்றியிருக்கிறது. விமான நிலையத்து வாசலில் பேரம் பேசி ஆட்டோ பிடிக்கிற வாய்ப்பு இல்லை. விடுதி ஏற்பாடு செய்யும் விரைவுப் படகிலோ கடல் விமானத்திலோதான் செல்ல வேண்டும். கடல் விமானத்துக்குப் போகவர ஒருவருக்கு 400 டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். இருவருக்கு 800 என்றே வைத்துக்கொண்டால், மொத்தம் 2,440 டாலரைத் தொடுகிறது. அதை நான்கால் வகுத்தால் இரவுக்கு 610 வருகிறது. உங்கள் முகவர் சொன்ன இருமடங்கு இதுதான். அவர் உண்மையைச் சற்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், அவ்வளவே.

ஆனாலும் அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உள்ளன. வரிகளும் போக்குவரத்தும் உள்ளிட்ட இறுதித் தொகை எவ்வளவு என்பது முதலாவது. காலை உணவு மட்டுமா, மூன்று வேளையுமா, குடிநீரும் பானங்களும் அடங்குமா என்பது அடுத்தது. தீவில் பெட்டிக்கடை கிடையாது என்பதால், காலை உணவு மட்டும் உள்ள திட்டம் மலிவாகத் தோன்றினாலும், ஒவ்வொரு வேளை உணவுக்கும் அதே சேவைக் கட்டணமும் அதே 17 விழுக்காடும் சேரும்போது கடைசியில் அதுவே அதிகச் செலவாகிவிடும். உங்கள் திருமண நாள் டிசம்பர் இறுதியில் வருமானால், 24-ஆம் தேதி இரவும் 31-ஆம் தேதி இரவும் பல விடுதிகளில் விருந்துக்குக் கட்டாயக் கட்டணம் உண்டு. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தலைநகர் மாலேயை ஒட்டிய வடக்கு, தெற்கு மாலே பவளத்தீவுக் கூட்டங்களில் உள்ள விடுதிகளுக்குப் படகிலேயே போய்விடலாம் என்பதால், அங்கே தேடினால் போக்குவரத்துச் செலவு வெகுவாகக் குறையும்.

எங்கள் விமானம் மாலேயில் மாலை 4.30 மணிக்கு இறங்குகிறது. கடல் விமானம் மறுநாள் காலையில்தான் என்றும், அன்றிரவு வேறு விடுதியில் தங்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஓர் இரவைக் கூடுதலாக விற்கும் உத்தியா இது?
– வாசகர், நாகர்கோவில்

உத்தி அன்று, இயற்கை. கடல் விமானம் ஓடுதளத்தில் இறங்குவதில்லை, அலைபுரளும் நீரில் இறங்குகிறது. விமானி நீர்ப்பரப்பைக் கண்ணால் பார்த்தே இறக்க வேண்டியிருப்பதால் அது பகலில் மட்டுமே பறக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணி அளவில் பொழுது சாய்ந்துவிடும். பன்னாட்டு விமானம் பிற்பகல் 3.30 மணிக்குள் தரையிறங்க வேண்டும் என்பது பெரும்பாலான விடுதிகளின் நிபந்தனையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதலில் தீவைத் தேர்ந்துவிட்டுப் பிறகு விமானச் சீட்டு எடுப்பது நம்மவர் பலரும் செய்கிற தவறு. நானும் ஒருமுறை அப்படிச் செய்து, விமான நிலையத்தை அடுத்துள்ள ஹுல்ஹுமாலேயில் ஓர் அறைக்குள் ஓர் இரவையும், அதற்கான வாடகையையும் தொலைத்திருக்கிறேன். விமான நேரத்தை முதலில் வையுங்கள். அந்த நேரத்துக்கு எட்டக்கூடிய தீவைப் பிறகு தேடுங்கள். மாலையில் இறங்குவோருக்கு இரவிலும் ஓடும் விரைவுப் படகு உள்ள தீவோ, உள்நாட்டு விமானமும் படகும் இணைந்த வழியுள்ள தீவோதான் பொருத்தம். திரும்பும் நாளுக்கும் இதே கணக்குத்தான்: அதிகாலை விமானத்தைக் கடல் விமானத்தால் பிடிக்க முடியாது. பெட்டியின் எடைக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பதே கடல் விமானத்தின் பொதுவான வரம்பு என்பதையும், புறப்படும் நேரம் பெரும்பாலும் முந்தைய நாள் மாலையில்தான் அறிவிக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் கிடைக்கிறது. மழையில் மாட்டிக்கொள்வோமா?
– வாசகி, திருச்சி

மாட்டிக்கொள்ளவும் கூடும். மாலத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வடகிழக்குக் காற்றின் காலமே வறண்டது, விலை கூடியதும் அதுவே. உங்களால் ஏப்ரல் இறுதியில் கிளம்ப முடியுமானால் கிளம்புங்கள். வெயில் கடுமையாக இருந்தாலும் கடல் அமைதியாக இருக்கும். மழைக்காலத்துக்கும் ஒரு கைம்மாறு உண்டு. யுனெஸ்கோ 2011-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பா பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபாரு என்றொரு விரிகுடா இருக்கிறது. தென்மேற்குக் காற்றின் மாதங்களில் மிதவை நுண்ணுயிர்கள் அங்கே வந்து குவிய, அவற்றை உண்ண மான்டா எனப்படும் பெருந்திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. அங்கே ஆழ்கடல் முக்குளிப்புக்குத் தடை. வழிகாட்டியோடு நீர்மட்டத்தில் மிதந்தபடி பார்க்க மட்டும் அனுமதி உண்டு.

நாங்கள் சுத்த சைவம். பூஜைக்கு ஒரு சிறு பிள்ளையாரும் எப்போதும் உடன் வருவார். சிக்கல் ஏதும் உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பிள்ளையாரை வீட்டுப் பூஜையறையிலேயே இருக்கச் சொல்லுங்கள். வழிபாட்டுச் சிலைகள், மது, பன்றி இறைச்சிப் பொருள்கள் ஆகியவற்றை அந்த நாட்டுக்குள் கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. வந்திறங்கியதும் பெட்டிகளை ஊடுகதிரில் பார்ப்பார்கள். வழியில் விமான நிலையக் கடையில் வாங்கிய மதுப்புட்டிக்கும் இதே விதிதான். மின்சிகரெட்டும் 2024 இறுதியிலிருந்து தடையில் சேர்ந்துவிட்டது.

உணவைப் பொறுத்தவரை, ரிசார்ட்டுகளில் இந்தியச் சைவ உணவு பெரும்பாலும் கிடைக்கும். ஆயினும் முன்பதிவின்போதே எழுதித் தெரிவியுங்கள். உள்ளூர் உணவில் மட்டும் விழிப்பாக இருங்கள். தேங்காய்த் துருவல் பொரியலைப் போலத் தோன்றும் ‘மஸ் ஹுனி’யில் இருப்பது சூரை மீன், தெளிந்த ரசம் போலக் கிண்ணத்தில் வரும் ‘கருதியா’வும் சூரை வேகவைத்த சாறுதான். அவர்கள் மொழியான திவேகியில் ‘மஸ்’ என்றால் மீன். நம் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று விற்கப்படுவதும் இந்தச் சூரையே.

ஐந்து வயதுப் பையனோடு போகிறோம். எனக்கும் கணவருக்கும் நீச்சல் தெரியாது. கடல் மேல் கட்டிய வாட்டர் வில்லாவை எடுக்கலாமா?
– வாசகி, மதுரை

வேண்டாம். படத்தில் அழகாகத் தெரியும் அந்தத் திண்ணைகளில் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருப்பதில்லை; படிக்கட்டு நேரே கடலுக்குள் இறங்குகிறது. குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட குழந்தைகளை அங்கே தங்க அனுமதிக்காத விடுதிகளும் உள்ளன. கரையிலுள்ள பீச் வில்லாவை எடுத்தால், மீதமாகும் பணத்தில் இன்னோர் இரவு தங்கலாம். நாள் முழுவதும் பையன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

தீவைத் தேர்வதற்கு ஒரு வழி சொல்கிறேன். செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்தத் தீவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையை ஒட்டி வெளிர்நீலம் அகலமாக விரிந்திருந்தால், அது மணல் படிந்த ஆழமற்ற நீர். உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது. கரைக்கு மிக அருகிலேயே கருநீலம் தொடங்கினால், பவளப்பாறையின் விளிம்பு அங்கே செங்குத்தாக இறங்குகிறது என்று பொருள். மீன்களைப் பார்க்க விரும்பும் நீச்சல்காரர்களுக்கு அது சொர்க்கம், உங்களுக்கு அன்று. உயிர்காப்பு உடை அணிந்து வழிகாட்டியோடு மிதக்கும்போதும் பவளத்தின் மேல் காலூன்ற வேண்டாம். 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறியதில் வெளுத்து மடிந்த பவளம் இப்போதுதான் மெல்ல மெல்ல வளர்ந்து வருகிறது. உடைந்த துண்டாயினும் பவளத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுவருவது குற்றம்.

ரிசார்ட் செலவு எங்களுக்குக் கட்டாது. வேறு வழி உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

உண்டு. மக்கள் வாழும் தீவுகளில் தங்கும் விடுதிகள் நடத்த 2009 வாக்கில் அனுமதி வந்தது. மாஃபுஷி அவற்றுள் பேர்பெற்றது. மாலேயிலிருந்து பொதுப் படகில் ஒன்றரை மணி நேரத்தில் குறைந்த கட்டணத்தில் போகலாம். ஆனால் வெள்ளிக்கிழமை படகு இல்லை. ஐம்பதுக்கும் குறைவான அறைகள் கொண்ட விடுதியானால் பசுமை வரியும் 6 டாலர்தான். மது அறவே கிடையாது. நீச்சலுடைக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட கடற்கரை தவிர மற்ற இடங்களில் உடலை மூடிய உடை வேண்டும்.

விசாவுக்கு எங்கே விண்ணப்பிப்பது?
– வாசகி, சேலம்

விண்ணப்பிக்க வேண்டியதில்லை, இறங்கியதும் கட்டணமின்றி அனுமதி தருகிறார்கள். திரும்பும் சீட்டும் தங்குமிட உறுதிச்சீட்டும் கையில் இருக்கட்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற அரசுத் தளத்தில் பயணி அறிவிக்கையை நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் போலியானது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாலேயின் நேரம் நம்முடையதைவிட அரைமணி பின்தங்கியது. ஆனால் விருந்தினருக்குப் பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று பல ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கின்றன. ஊர் திரும்பும் நாளில் படகு நேரத்தைச் சொல்லும்போது அது தீவின் நேரமா, மாலேயின் நேரமா என்று வரவேற்பறையில் கேட்டுவிடுங்கள்.