ஏரிக்கரையில் ஒரு பழைய ஊர், மூன்று நாள் ஓய்வு: தமிழ்நாட்டுக்குள் எங்கே போகலாம்?

உதய்பூரில் பிச்சோலா ஏரிக்கரையில் உங்கள் நண்பர் தங்கிய படங்களைப் பார்த்தீர்கள். அதுபோலத் தண்ணீரை ஒட்டிய ஒரு பழைய ஊரில் அம்மாவோடு மூன்று நாள் இருக்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆகவே தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓர் இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். செட்டிநாட்டுக்குப் போங்கள். நான் பிறந்த சீமை என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆன நிலையில் ஆத்தாவை (எங்கள் வீட்டில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அங்கே அழைத்துப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தேன்.

முதலில் ஒன்று. பிச்சோலா போலப் பெரிய ஏரியை எதிர்பார்க்காதீர்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத வறண்ட பூமி இது. அதனாலேயே ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். ஊர் உண்ணும் நீர் என்பதால் ஊருணி, பேச்சில் ஊரணி. சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் செம்புறாங்கல்லில் படி கட்டி, மழைத்தண்ணீர் வந்து சேர வரத்துக்கால் விட்டிருப்பார்கள். குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று, ஆடு மாடுகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்த ஊர்களும் உண்டு.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது குடிதண்ணீர் ஊரணியில் காலை நனைத்துவிட்டேன். அப்பத்தா இடுப்புக் குடத்தை அப்படியே இறக்கி வைத்தார். அடிக்கவில்லை. "ஊரே குடிக்கிற தண்ணியில காலை வைக்கலாமா ராசா?" என்று கேட்டுவிட்டு, பொழுது சாயும் வரை மேல்படியில் உட்கார்ந்து யார் யார் தண்ணீர் எடுக்க வருகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். எங்கள் தெருவிலிருந்து, பக்கத்துத் தெருவிலிருந்து, கண்மாய்க்கு அப்பால் இருந்தெல்லாம் வந்தார்கள். அந்தக் குடங்களின் வரிசை இன்னும் கண்ணில் நிற்கிறது.

செட்டிநாடு என்றால் எல்லோரும் வீடுகளைத்தான் சொல்வார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. எல்லாம் உண்மைதான், பாருங்கள். ஆனால் ஒரு பெரிய வீட்டுக்குள் போனால் வளவின் (வீட்டின் உள்கட்டு) முற்றத்தில் ஒரு மூலையைக் கவனியுங்கள். தண்ணீர் போக ஒரு சின்ன வழி இருக்கும். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் உள்நோக்கியே இறங்கும். மழை பெய்தால் அத்தனை தண்ணீரும் முற்றத்தில் விழும். அண்டாக்களை வரிசையாக வைத்து வேண்டியதைப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் அந்த வழியாக இறங்கித் தெருக் கால்வாய்க்கு வந்து, அங்கிருந்து ஊரணிக்குப் போகும். வீடு, தெரு, ஊரணி மூன்றையும் ஒரே கணக்கில் போட்டிருக்கிறார்கள். உதய்பூர் அரண்மனை ஏரியைப் பார்த்து நிற்கிற அழகு ஒன்று என்றால், கூரையில் விழுந்த மழையை ஊருக்கு அனுப்பி வைக்கிற இந்த ஏற்பாடு இன்னொரு அழகு. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கியதால் நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தினர்) உள்நாட்டுக்கு நகர்ந்து வந்தார்கள், அந்த நினைப்பில்தான் வீடுகளைத் தரையிலிருந்து அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள் என்று எங்கள் வீடுகளில் வழிவழியாகச் சொல்வார்கள். அந்த உயரத்தை உங்களுக்கு வேறொரு காரணத்துக்காகவும் சொல்லி வைக்கிறேன். முகப்புக்கு ஏறவே ஐந்தாறு படி இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதுதான் முதல் சிரமம். தங்குமிடம் பதிவு செய்யும்போதே வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா, அறை கீழ்த்தளத்திலா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். வழவழப்பான தரை என்பதால் ஈரக் காலோடு நடக்க விடாதீர்கள்.

தங்க நான் சொல்வது கானாடுகாத்தான். காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பழைய வீடுகள் சிலவற்றைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். வாடகை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் திண்ணையும் வளவும் உள்ள வீட்டில் இரண்டு இரவாவது தூங்கி எழுந்தால்தான் அந்த ஊர் புரியும். 1912இல் கட்டிய செட்டிநாட்டு அரண்மனை அங்கேதான் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் வீடு அது. உள்ளே விடாவிட்டாலும் வெளியே நின்று முகப்பைப் பார்க்கலாம்.

நாங்கள் போனபோது முதல் நாளை வீணாக்கினோம். வாடகைக் கார் ஓட்டி வந்தவர் ஒரே நாளில் ஒன்பது இடம் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தார். கடைசி மூன்று இடங்களில் ஆத்தா காரை விட்டு இறங்கவே இல்லை. இரவு முழங்கால் வீங்கிப் போனது. மறுநாள் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் நாலரை மணிக்கு ஊரணிக் கரைக்கு மட்டும் மெதுவாக நடந்தோம். மழை முடிந்த மாதம், பாதிப் படிவரை தண்ணீர். எதிர்க் கரையில் ஒரு மாடி வீட்டின் முகடு தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. மீன்கொத்தி ஒன்று அதைக் கலைத்துக் கலைத்துப் போனது. பையன்கள் மேல்படியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். துணி அலசிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி நிமிர்ந்து பார்த்து, "யாரு வீட்டுப் புள்ளைக நீங்க?" என்றார். அவ்வளவுதான். ஆத்தா படியில் உட்கார்ந்தார். எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யார் யாருக்குக் கட்டிக்கொடுத்தது என்று பேச்சு நீண்டு, இருட்டும்போது இருவரும் தூரத்துச் சொந்தமாகிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் ஆத்தா முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் தேடுகிற ஓய்வு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆத்தங்குடிக்குக் காலையில் போங்கள். தரையில் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறைகள் தெருவோரமாகவே இருக்கின்றன. கண்ணாடித் துண்டின் மேல் பித்தளை அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் பூ நிற்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய வைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப் போடுவார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் பளபளவென்று மேலே வரும். எங்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) பதித்த கல் மூன்று தலைமுறை நடந்தும் மங்கவில்லை. ஒரு அச்சை ஊற்றி முடிப்பதைப் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு கல்லாவது வாங்கி வாருங்கள். கையால் செய்கிறவர்களுக்கு அது பிழைப்பு.

காரைக்குடிக்கு அரை நாள் போதும். 1941இல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியே இருந்து பார்க்கலாம். கம்பன் மணிமண்டப வளாகத்தில் தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கிறது, அமைதியான இடம். கண்டாங்கிச் சேலை வேண்டுமானால் இங்கேயே நெய்ததை வாங்குங்கள். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். எனாமல் தட்டு, பழைய பூட்டு என்று வாங்கலாம். ஆனால் அங்கே சாய்த்து வைத்திருக்கிற தேக்குத் தூண்களையும் நிலைகளையும் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப் போகும். ஒவ்வொன்றும் இடித்த ஒரு வீடு. பங்காளிகள் ஐம்பது அறுபது பேருக்கு உரிமையுள்ள வீட்டை யார் பராமரிப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் கடைசியில் தூணாகப் பிரிந்து போகிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. இடிப்பது இன்னும் நிற்கவில்லை.

அப்புறம், உங்கள் கேள்வியில் ஏரி இருப்பதால் வேட்டங்குடியை அழுத்திச் சொல்கிறேன். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரைத் தாண்டி மதுரைப் பக்கமாகப் போனால், கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கண்மாய்களைச் சேர்த்து 1977இல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். மழைக்குப் பிறகு நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். அந்த ஊர்க்காரர்கள் பல பத்து வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணம், கோயில் திருவிழா எதற்கும் கிடையாது. குஞ்சுகள் பயந்துவிடும் என்பதற்காக ஓர் ஊரின் பிள்ளைகள் எல்லோரும் பட்டாசை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கரையில் நின்றுகொண்டு இதை ஆத்தாவிடம் சொன்னபோது, அவர் தன் செல்போனை எடுத்துச் சத்தத்தை அணைத்து வைத்தார். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். கரை மேடு பள்ளமாக இருக்கும், கைத்தடி எடுத்துப் போங்கள்.

போகும் வழியில் பிள்ளையார்பட்டி. குடைவரைக்குள் இருக்கும் கற்பக விநாயகருக்கு இரண்டே கைகள். கோயிலை ஒட்டிய குளத்தின் கரையில் கொஞ்ச நேரம் உட்காரலாம். குன்றக்குடி முருகனைப் பார்க்க மலை ஏற வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம். அவர் ஊரில் ஓய்வெடுக்கும்போது நீங்கள் மட்டும் திருமயம் போய் வரலாம். ராமநாதபுரம் சேதுபதி 1687இல் கட்டிய கோட்டை. கோட்டை உச்சியில் நின்றால், மழை பெய்த வருடமாக இருந்தால், சுற்றிலும் கண்மாய்கள் வெள்ளித் தட்டுகளாகத் தெரியும். புதுக்கோட்டைப் பக்கம் இன்னும் போக நேரம் இருந்தால் சித்தன்னவாசல். சமணக் குடைவரையின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டில் ஒரு தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். மீன், யானை, பறவை, பூப்பறிக்கிற மனிதர்கள். தண்ணீர் குறைந்த இந்தச் சீமையில் ஒருவர் கல் கூரையில் நிறைகுளத்தை வரைந்து வைத்துப் போயிருக்கிறார். நிறைய உதிர்ந்துவிட்டது. இருப்பதைப் பார்க்கவே நான் இரண்டு தடவை போனேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வெளியூர்களில் செட்டிநாடு என்ற பெயரில் போடுகிற காரம் இங்கே வீட்டுச் சமையலில் இருக்காது. காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும், மாலையில் கும்மாயமோ கந்தரப்பமோ கேளுங்கள். கவுனி அரிசி இனிப்பு இருந்தால் விடாதீர்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வியாபாரம் செய்ய) போனவர்கள் கொண்டுவந்த கருப்பரிசி அது. விடுதியில் முந்தின நாளே சொல்லி வைத்தால்தான் பலகாரம் கிடைக்கும்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஊரணியில் தண்ணீர் இருக்கும், வெயில் உறைக்காது. சித்திரை, வைகாசியில் போனால் வெறும் படிகளைத்தான் பார்ப்பீர்கள். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரை வரும்; அம்மாவுக்கு ரயில்தான் சுகம்.

இன்னொன்று. எந்த ஊரிலும் படியில் இறங்குவதற்கு முன், கரையில் இருப்பவர்களிடம் இது குடிதண்ணீர் ஊரணியா, குளிக்கிற ஊரணியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் என்றால் செருப்பை வெளியே விட்டு, மேல்படியிலேயே அம்மாவோடு உட்கார்ந்துகொள்ளுங்கள்.