உணவக விமர்சகர்கள் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டா விமர்சனம் எழுதுகிறார்கள்?

இல்லை. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர்கள் வழக்கமாக ஒரே உணவகத்துக்கு மூன்று முறையாவது போவார்கள். வேறு பெயரில் மேசை பதிவு செய்வார்கள். பில்லைப் பத்திரிகை கட்டிவிடும். கூடவே இரண்டு மூன்று பேரை அழைத்துப் போவார்கள். ஆளுக்கொன்றாக வாங்கினால்தானே மெனுவில் பாதியையாவது ருசி பார்க்க முடியும்? முதல் நாள் நன்றாக இருந்ததை மறுபடி வாங்கி, அதே பக்குவம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

ஆனால் முகம் தெரியாமல் போவதுதான் இதில் முக்கியம் என்பேன். 1993இல் அந்தப் பத்திரிகையின் விமர்சகராக இருந்த ரூத் ரைஷல், நியூயார்க்கின் புகழ்பெற்ற லெ சர்க் உணவகத்துக்கு விக் வைத்து, சாதாரணப் பெண்மணியாகப் போனார். பதிவு செய்திருந்தும் காக்க வைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஒயின் பட்டியலைக்கூட இன்னொரு மேசைக்காகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் யாரென்று தெரிந்தபோது ராஜ உபசாரம். இனிப்பில் வைத்த ராஸ்பெர்ரி பழம்கூட முன்பைவிடப் பெரிது! இரண்டு அனுபவங்களையும் அப்படியே அருகருகே எழுதி, அந்த உணவகத்துக்குப் பத்திரிகை தந்திருந்த நான்கு நட்சத்திர மதிப்பீட்டை மூன்றாகக் குறைத்தார். சமையல்காரரின் கைப்பக்குவம் விமர்சகரைக் கண்டதும் கூடிவிடாது. நல்ல மேசை, பொறுக்கியெடுத்த பழம், பணிவான பேச்சு எல்லாம் அந்த நிமிடமே மாறிவிடும்.